உப்புக்காற்றும் இரும்புக்கதவும்

நுழையும்முன்

இரும்பு, உறுதியின் அடையாளம். அந்த இரும்பையே மெல்ல மெல்ல அரித்துப் பொடியாக்கும் ஆற்றல் காற்றுக்கும் நீருக்கும் உண்டு. கடற்கரை ஊர்களில் அவற்றோடு உப்பும் சேர்ந்துகொள்கிறது. பழைய காரின் கதவைப் பழுதுபார்ப்பதா, மாற்றுவதா என்னும் எளிய வினாவிற்குள் வேதியியலும் கைத்திறனும் உயிர்ப் பாதுகாப்பும் அடங்கியிருப்பதை இப்பாடம் விளக்குகிறது.

கடலோரத்தில் ஒரு கார்

புதுச்சேரியிலிருந்து கடலூர் நோக்கிச் செல்லும் சாலையில் அரியாங்குப்பத்தையும் சுண்ணாம்பாற்றையும் கடந்தால் தவளக்குப்பம் வரும். அதன் கிழக்கே, சிறிது தொலைவில் வங்கக் கடல். அங்கிருந்து வீசும் காற்று குளிர்ச்சியை மட்டும் சுமந்து வருவதில்லை. அலைகள் உடையும்போது சிதறும் நுண்ணிய உப்புத்துளிகளையும் ஏந்தி வருகிறது. சன்னல் கம்பியிலும் மிதிவண்டிச் சக்கரத்திலும் படியும் அவ்வுப்பு, தெருவோரத்தில் நிற்கும் காரின் மேலும் படிகிறது.

ஒருகாலத்தில் நம் சாலைகளில் நிறைந்திருந்த அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற கார்களை இன்றும் சிலர் பேணி வருகின்றனர். மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரிக்கப்பட்ட அம்பாசிடரின் உற்பத்தி 2014-இல் நின்றது. 1983-இல் அறிமுகமான மாருதி 800-உம் அதே ஆண்டில் விடைபெற்றது. இத்தகைய கார்களில் எஞ்சினைவிட முதலில் முதுமை எய்துவது பெரும்பாலும் உடற்பகுதியே. அதிலும் கதவின் அடிப்பகுதி துருவுக்கு எளிதில் இரையாகிறது.

துரு பிறக்கும் விதம்

இரும்பின் மேல் ஈரம் படிந்ததும் அங்கு ஒரு சிறு மின்கலமே உருவாகிவிடுகிறது. தகட்டின் ஒரு புள்ளியில் இரும்பு அணுக்கள் எலக்ட்ரான்களை இழந்து நீரில் கரைகின்றன. வேறொரு புள்ளியில் ஆக்சிசனும் நீரும் அவ்வெலக்ட்ரான்களைப் பெற்றுக்கொள்கின்றன. இவ்வினைகளின் முடிவில் தோன்றும் நீரேறிய இரும்பு ஆக்சைடே துரு. ஈழத்தமிழர் இதனைக் 'கறள்' என்பர். உலோகம் இவ்வாறு சிதைவதை அறிவியல் 'அரிமானம்' என்கிறது.

தூய நீர் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. உப்புநீர் நன்கு கடத்தும். ஆகவே, உப்புக் கலந்த ஈரத்தில் அரிமானம் விரைவு பெறுகிறது. மேலும், மழைக்காலத்தில் சமையலறை உப்புச்சாடி நீர்த்துப்போவதை அனைவரும் கண்டிருப்போம். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் சோற்றுப்பு ஈரத்தை ஈர்த்துக் கரையத் தொடங்கும். கடலுப்பிலுள்ள மக்னீசியம் குளோரைடோ அதனினும் மிகக் குறைந்த ஈரப்பதத்திலேயே நீர்த்துவிடும். இதனால், மழையே பெய்யாத நாளிலும் கடலோரக் காரின் தகடு ஈரமாகவே இருக்கக்கூடும்.

செம்பில் படியும் பச்சைக்களிம்பு உலோகத்தோடு இறுகி ஒட்டி, உள்ளிருக்கும் செம்பை ஓரளவு காக்கும். துரு அத்தகையதன்று. அது பொருபொருவென உதிரும், உதிர்ந்த இடத்தில் புதிய இரும்பு வெளிப்படும், அதுவும் துருவாகும். துரு, தான் உருவாகிய இரும்பைக் காட்டிலும் இருமடங்கிற்கு மேல் பருமன் கொள்வதால், மேலிருக்கும் வண்ணப்பூச்சை உள்ளிருந்து தள்ளிக் கொப்புளமாக்குகிறது.

கதவின் அடியில் ஏன்?

கார்க்கதவு ஒற்றைத் தகடன்று. உள்சட்டத்தின் மீது வெளித்தகட்டைப் பொருத்தி, அதன் விளிம்பை மடித்து அழுத்தியிருப்பர். கண்ணாடி ஏறி இறங்கும் இடைவெளியில் உள்ள ரப்பர்ப் பட்டை காலப்போக்கில் வெடித்து, மழைநீரைக் கதவுக்குள் விடுகிறது. அந்நீர் வெளியேறவே கதவின் அடியில் சிறு துளைகள் அமைக்கப்பட்டுள்ளன. புழுதியும் சருகும் அத்துளைகளை அடைத்துவிட்டால் நீர் உள்ளேயே தேங்கும். மடித்த விளிம்பின் இடுக்கில் புகுந்த ஈரம் எளிதில் உலராது. எனவே, துரு உள்ளிருந்து வெளியே வளர்கிறது. வெளிப்பூச்சில் ஒரு கொப்புளம் தோன்றும்போது உட்புறம் பெருமளவு அரிக்கப்பட்டிருக்கலாம்.

செப்பனிடுதல்

துருவேறிய கதவை முதலில் ஆராய வேண்டும். விரலால் அழுத்தினால் தகடு நெளிகிறதா, தட்டினால் ஒலி மங்குகிறதா, கீலும் பூட்டும் பொருந்திய இடங்கள் உறுதியாக உள்ளனவா என்பவற்றைத் தேர்ந்த டிங்கர் கூர்ந்து நோக்குவார். அந்த ஆய்வே மருத்துவத்தின் முறையை முடிவு செய்கிறது.

துரு மேற்பரப்பில் மட்டும் இருந்தால், உப்புத்தாளால் தேய்த்து உலோகத்தின் ஒளி தெரியும்வரை நீக்கலாம். இடுக்குகளில் எஞ்சிய துருவின்மீது பாஸ்பாரிக் அமிலம் கலந்த கரைசலைப் பூசினால், அது இரும்பு பாஸ்பேட்டாக மாறி இறுகும். பின்னர்ப் பிரைமரும் வண்ணமும் பூசப்படும்.

தகட்டில் ஓட்டை விழுந்திருந்தால், நல்ல உலோகம் வரும்வரை துருப்பிடித்த பகுதி முழுவதையும் வெட்டி எடுக்க வேண்டும். அதே தடிமனுள்ள தகட்டைத் தட்டி வளைத்து, வெட்டிய வடிவிற்கு ஏற்பப் பொருத்திப் பற்றவைப்பர். ஒரே மூச்சில் பற்றவைத்தால் வெப்பத்தால் தகடு கோணிவிடும். ஆகவே, இங்கொரு புள்ளி அங்கொரு புள்ளியாக, ஆறவிட்டு ஆறவிட்டு வைப்பதே முறை. வேலை தொடங்குமுன் பேட்டரி இணைப்பைத் துண்டித்து, கதவின் உள்ளட்டையையும் அருகிலுள்ள இருக்கையையும் அகற்றுவர்; ஒரு தீப்பொறி போதும், பெருந்தீ மூள. இணைப்பைத் தேய்த்துச் சமன்செய்து, துத்தநாகம் செறிந்த பிரைமர் பூசி, சிறு மேடுபள்ளங்களைப் பட்டியால் மெல்லிதாக நிரப்பி, இறுதியில் வண்ணம் பூசுவர். கதவின் உட்புறத்தில் மெழுகோ காப்பு எண்ணெயோ தெளித்தால்தான் அப்பணி நிறைவுபெறும்.

துருவை அகற்றாமல், ஓட்டையின்மேல் பட்டியை அப்பி வண்ணம் பூசுவது செப்பனிடுதல் ஆகாது, மறைத்தலே ஆகும். பட்டி ஈரத்தை உறிஞ்சும். அதன் அடியில் துரு தடையின்றி வளரும். சில மாதங்களில் பட்டி பெயர்ந்து விழும். அதுவரை, வலுவிழந்த கதவை வலிய கதவென நம்பிக் காரை வாங்கியவர் பயணம் செய்வார். விபத்தின்போது பயணியை உள்ளே தாங்கி நிற்பவை கதவின் கீலும் பூட்டுமே. அவை பற்றியிருக்கும் உலோகம் உளுத்திருந்தால், அழகிய வண்ணம் எவரையும் காக்காது.

மாற்றுதல்

வெளித்தகடு மட்டும் கெட்டு, உள்சட்டம் உறுதியாக இருந்தால், மடித்த விளிம்பைத் தேய்த்துப் பிரித்துப் புதிய வெளித்தகட்டைப் பொருத்தலாம். உள்சட்டமோ கீல் பொருந்துமிடமோ சிதைந்திருந்தால், முழுக்கதவையும் மாற்றுவதே அறிவுடைமை. உற்பத்தி நின்றுபோன கார்களுக்குப் புதிய கதவு கிடைப்பது அரிது. சென்னைப் புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளே அப்போது கைகொடுக்கின்றன. அங்கு வாங்கும் கதவின் அடிவிளிம்பை உள்ளும் புறமும் பார்த்து வாங்க வேண்டும். இல்லையேல், ஒரு துருவைக் கொடுத்து மற்றொரு துருவை விலைக்கு வாங்கியதாகிவிடும்.

கதவைக் கழற்றுமுன் கீலின் இடத்தைக் குறித்துக்கொள்வர். கண்ணாடி, பூட்டு, கைப்பிடி ஆகியவற்றைப் புதிய கதவுக்கு மாற்றுவர். கதவைச் சுற்றியுள்ள இடைவெளி எங்கும் ஒரே அளவாக அமையும்வரை கீலைச் சரிசெய்வர். இடைவெளி பிசகினால் மழைநீர் மீண்டும் உள்ளே புகும்; பழைய கதை புதிதாகத் தொடங்கும்.

தெரிந்து தெளிவோம்

அரிமானத்தை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியில் உள்ளது. இதற்காக வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்கினார். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 சனவரி 14 அன்று டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். கடலோர அரிமானத்தை ஆராய, மண்டபத்தில் இந்நிலையத்தின் ஆய்வு மையம் இயங்குகிறது.

தூணும் பாலமும் கற்பிப்பவை

தில்லி மெக்ராலியில் உள்ள குப்தர் கால இரும்புத்தூண் ஏறத்தாழ 1600 ஆண்டுகளாகப் பெரிதும் துருப்பிடிக்காமல் நிற்கிறது. அவ்விரும்பில் மிகுந்துள்ள பாஸ்பரஸ், தூணின் மேல் மெல்லிய பாஸ்பேட் படலத்தை உருவாக்கிக் காக்கிறது என ஆய்வாளர் விளக்கியுள்ளனர். டிங்கர் பூசும் பாஸ்பாரிக் அமிலத்தின் பயனும் இதனோடு உறவுடையதே.

1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் பாலமோ, கடலின் நடுவே நூறாண்டுகளுக்கு மேல் உப்புக்காற்றோடு போராடியது. ஓயாத பராமரிப்பே அதன் நீண்ட வாழ்வின் மறைபொருள். 2022 டிசம்பரில் அதன்மீது தொடர்வண்டிப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 6 அன்று அருகே புதிய பாலம் திறக்கப்பட்டது. பேணுதலுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதும், அவ்வெல்லையை உரிய காலத்தில் அறிவதே பொறியியல் என்பதும் இதனால் விளங்கும்.

காத்தலே சிறப்பு

நம் நாட்டில் சொந்தப் பயன்பாட்டுக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின், தகுதி உறுதிசெய்யப்பட்டால் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். அவ்வயதைத் தாண்டியும் கார் வலுவோடு இருக்க, பெருஞ்செலவு தேவையில்லை. வாரம் ஒருமுறை காரின் அடிப்பகுதியையும் கதவின் விளிம்பையும் நன்னீரால் கழுவுதல், வடிதுளைகளைச் சிறு குச்சியால் திறந்துவிடுதல், வெடித்த ரப்பரை மாற்றுதல், கீறல்களுக்கு உடனே வண்ணமிடுதல், ஈரமான காரைத் தார்ப்பாயால் மூடாதிருத்தல் ஆகியனவே போதும்.

கடற்காற்றை எவராலும் நிறுத்த இயலாது. ஆனால், அக்காற்று விட்டுச்செல்லும் உப்பைக் கழுவிவிட ஒரு வாளி நன்னீர் போதும். கொப்புளம் தோன்றிய நாளிலேயே அதனைக் கவனிப்பவருக்கு உப்புத்தாள் போதுமானதாகிறது. மறைத்து வைப்பவருக்குப் புதிய கதவே தேவையாகிறது.