கறுப்புப் பூனை ஜெயித்த பார்சல் சண்டை

"டெலிபோன் செய்தால் போதும். ஒரே ஒரு பார்சலாக இருந்தாலும் வீட்டுக்கே வந்து வாங்கிக்கொள்வோம். மறுநாள் கொண்டுபோய்ச் சேர்ப்போம்."

ஜப்பான் தலைநகரான டோக்கியோவில் ஒரு லாரி கம்பெனி இப்படி ஒரு வேலையைத் தொடங்கியது. அது 1976-ம் ஆண்டு ஜனவரி மாதம் 20-ந் தேதி.

முதல் நாள் வந்த பார்சல்கள் எத்தனை தெரியுமா? பதினொன்று!

கம்பெனியின் பெயர் யமாட்டோ. 1919-ல் நான்கே நான்கு லாரிகளோடு ஆரம்பித்த கம்பெனி அது. டோக்கியோவின் பெரிய துணிக்கடைகளுக்கும் ஜவுளி மாளிகைகளுக்கும் சரக்கு ஏற்றிப் பேர் வாங்கியது. ஆனால் தூரத்து ஊர்களுக்கு லாரி விடுவதில் பிந்திவிட்டது. 1973-ல் எண்ணெய் விலை ஏறியதும் கம்பெனி ஆட்டம் கண்டது. ஸ்தாபகரின் மகன் ஒகுரா மசாவோ அப்போது தலைவர். ஏதாவது புதிதாகச் செய்தாக வேண்டும், இல்லையென்றால் கதவைச் சாத்த வேண்டும் என்ற நிலை.

அந்தக் காலத்தில் ஜப்பானில் ஒரு தாய், பட்டணத்தில் படிக்கும் மகனுக்குக் கொஞ்சம் ஆப்பிள் அனுப்ப நினைத்தால் என்ன செய்வாள்? தபால் ஆபீசுக்குத் தூக்கிப் போக வேண்டும். அங்கே 6 கிலோவுக்கு மேல் வாங்க மாட்டார்கள். ரயில்வேயில் 30 கிலோ வரை வாங்குவார்கள். ஆனால் கயிறு போட்டு இறுகக் கட்டி, சீட்டு எழுதிக் கட்டி, ஸ்டேஷனுக்குச் சுமந்து போக வேண்டும். எப்போது போய்ச் சேரும் என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள். இரண்டும் அரசாங்கத்தின் கையில் இருந்தன. போட்டி கிடையாது. அவசரமும் கிடையாது.

தனியார் லாரிக்காரர்கள் ஏன் இதில் இறங்கவில்லை? நஷ்டம் வரும் என்ற பயம்தான். தொழிற்சாலைச் சரக்கு என்றால் ஒரே இடத்தில் மொத்தமாக ஏற்றலாம். வீட்டுப் பார்சல் அப்படியா? எந்தத் தெருவில், எந்த நாளில், யார் கூப்பிடுவார் என்று தெரியாது.

நான்கு வண்டிகள் சொன்ன கணக்கு

ஒகுரா அமெரிக்காவுக்குப் போயிருந்தபோது, நியூயார்க் நகரின் ஒரு நாற்சந்தியில் ஒரே பார்சல் கம்பெனியின் வண்டிகள் நான்கு நிற்பதைப் பார்த்தார். அவருக்குப் பொறி தட்டியது.

கணக்கு சிக்கலானது அல்ல. நம் ஊர் பால்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தெருவில் ஒரே வீட்டுக்குப் பால் ஊற்றினால் கால் வலிதான் மிச்சம். அதே தெருவில் இருபது வீட்டுக்கு ஊற்றினால் குடும்பம் நடக்கும். நடக்கும் தூரம் ஒன்றுதான். பார்சலும் அப்படியே. வண்டி சுற்றும் தெருக்களில் பார்சல் அடர்த்தியாக விழுந்தால் லாபம், இல்லாவிட்டால் நஷ்டம். ஆகவே முதலில் நல்ல சேவை, லாபம் பிறகு என்றார் ஒகுரா.

கம்பெனியின் டைரக்டர்கள் எதிர்த்தார்கள். தொழிற்சங்கம் ஆதரித்தது! அரிசிக் கடைகளையும் மதுக் கடைகளையும் ஏஜெண்டாகப் பிடித்தார்கள். கட்டணம் 500 யென். கடையில் கொண்டுவந்து கொடுத்தால் 100 யென் தள்ளுபடி. இல்லத்தரசிகள் மூலம் செய்தி பரவியது. முதல் ஆண்டிலேயே 17 லட்சம் பார்சல்கள் சேர்ந்தன. 1979-ல் மிட்சுகோஷி என்ற பெரிய ஜவுளி மாளிகையின் வேலையையே ஒகுரா விட்டுவிட்டார். 1923 முதல் இருந்த வாடிக்கை அது. அசாத்தியத் துணிச்சல்தான்!

மிருகங்களின் யுத்தம்

யமாட்டோவின் சின்னம் குட்டியைக் கவ்விச் செல்லும் கறுப்புத் தாய்ப் பூனை. நம் ஊரில் பூனை குறுக்கே போனால் சகுனம் பார்ப்பார்கள். ஜப்பானில் அது வீட்டுக்கு வந்தால் பார்சல் வருகிறது என்று சந்தோஷப்பட்டார்கள். உடனே மற்ற கம்பெனிகளும் ஆளுக்கு ஒரு மிருகத்தைப் பிடித்துக்கொண்டன. யமாட்டோவைவிடப் பெரிதான நிப்பான் எக்ஸ்பிரஸ் 1977-ல் பெலிக்கன் பறவையோடு வந்தது. இன்னொன்று கங்காரு. மற்றொன்று குட்டைக்கால் நாய். முப்பதுக்கு மேற்பட்ட கம்பெனிகள் மோதின. 'மிருகங்களின் யுத்தம்' என்று பத்திரிகைகள் எழுதின.

பூனைதான் முந்தியது. டிரைவரே வாசலில் சிரித்துப் பேசி அடுத்த பார்சலையும் கேட்டு வாங்கினார். 1983-ல் பனிச்சறுக்குப் பலகை, 1984-ல் கோல்ப் மட்டை, 1988-ல் ஐஸ் வைத்த மீன் என்று பூனை எதையும் தூக்கியது.

ஆனால் சர்க்கார் குறுக்கே நின்றது. ஒவ்வொரு சாலையில் லாரி ஓட்டவும் லைசென்ஸ் வேண்டும். வடக்கே டோஹோக்கு பகுதியில் லைசென்ஸ் கேட்டு 1981-ல் மனுப் போட்டார் ஒகுரா. ஐந்து வருஷம் பதில் இல்லை. 1986 ஆகஸ்டில் போக்குவரத்து மந்திரி மீதே கோர்ட்டில் வழக்குப் போட்டார். டிசம்பரில் லைசென்ஸ் வந்தது! 1997-ல் கடைசித் தீவு வரை பூனை போய்விட்டது.

ஓடிக் களைத்த டிரைவர்கள்

பிறகு இன்டர்நெட் வியாபாரம் வந்தது. அமேசான் சரக்கு மலையாகக் குவிந்தது. கூலி கட்டுப்படியாகவில்லை என்று சகாவா கம்பெனி 2013-ல் அதை விட்டுவிட்டது. அந்தச் சுமையும் யமாட்டோ தலையில் விழுந்தது.

பார்சல் அடர்த்தியானால் லாபம் என்ற பழைய கணக்கு இங்கே தடம் புரண்டது. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில் கதவு பூட்டிக் கிடந்தது. 2014-ல் அரசாங்கம் கணக்கெடுத்தபோது, நூறு பார்சலில் சுமார் இருபதை மறுபடியும் சுமந்து போக வேண்டியிருந்தது. இரண்டாம் நடைக்குக் கூலி கிடையாது. டிரைவர்கள் சாப்பாட்டு நேரத்திலும் ஓடினார்கள்.

2017-ல் குட்டு வெளிப்பட்டது. சுமார் 47,000 ஊழியர்களுக்கு ஓவர்டைம் பாக்கி தர வேண்டும் என்று கம்பெனியே அறிவித்தது. பகல் 12 முதல் 2 மணி வரை நேரம் குறித்துக் கொண்டுவரும் முறையை நிறுத்தியது. 27 ஆண்டுகளுக்குப் பிறகு அடிப்படைக் கட்டணத்தையும் உயர்த்தியது. 2024 ஏப்ரல் முதல் லாரி டிரைவருக்கு ஓவர்டைம் ஆண்டுக்கு 960 மணிதான் என்று சட்டம் வந்தது.

2022-ம் நிதியாண்டில் ஜப்பானில் பட்டுவாடாவான பார்சல்கள் 500 கோடியைத் தாண்டின. சுமை தாங்காமல் 2023 ஜூனில் யமாட்டோ ஒரு ஒப்பந்தத்தை அறிவித்தது. சின்னஞ்சிறு பார்சல்களை இனித் தபால் கம்பெனியே வீடுகளில் போடும்! எந்தத் தபால் ஆபீசை எதிர்த்துப் பூனை கிளம்பியதோ, அதனிடமே போய் நின்றது. அந்தச் சிநேகமும் சுமுகமாக இல்லை. ஒப்படைக்க வேண்டிய பார்சல்களை நிறுத்தி வைக்க யமாட்டோ கேட்கவே, 1,200 கோடி யென் நஷ்டஈடு கேட்டு 2024 டிசம்பரில் தபால் கம்பெனி கோர்ட்டுக்குப் போனது.