அண்டத்தின் பழைய வெப்பம்

கொடைக்கானலை அடுத்து, பழனி மலைத்தொடரின்மேல் அமைந்த ஊர் அட்டுவம்பட்டி. அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இவ்வூரில் உள்ளது. சமவெளி ஊர்களிற்போலவே இங்கும் வீட்டுக் கூரைகளின்மீது டிஷ் ஆண்டெனாக்கள் வானை நோக்கி நிற்கின்றன. செயற்கைக் கோள் அனுப்பும் படத்தையும் பாட்டையும் அவை வீட்டிற்குள் கொணர்கின்றன. அவற்றோடு, அழையா விருந்தாளி ஒன்றும் அக்கிண்ணத்தில் வந்து விழுகின்றது. அஃது எந்த ஒளிபரப்பு நிலையத்தினின்றும் புறப்பட்டதன்று. இப்பேரண்டம் இளமையாய் இருந்த காலத்தில் தோன்றிய கதிர்வீச்சின் எச்சமாகும்.

கொடைக்கானல் வானாய்வுக்கூடத்தில் 1909ஆம் ஆண்டில் எவர்ஷெட் என்பார், சூரியப் புள்ளிகளில் வளிகள் வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். அவர் ஆராய்ந்த ஒளி, சூரியனைவிட்டுப் புறப்பட்டு எட்டு நிமிடங்களே ஆனது. நாம் இங்கே கூறும் கதிர்வீச்சோ ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள் பயணம் செய்து வந்தது. தொடக்கத்தில் அண்டம் மிக வெப்பமாகவும் அடர்த்தியாகவும் இருந்தது. மலைப்பனியினுள் விளக்கொளி சிதறுவதுபோல, ஒளி நேரே செல்ல இயலாது சிதறிக்கொண்டே இருந்தது. சுமார் 3,80,000 ஆண்டுகள் கழிந்தபின் வெப்பம் 3,000 கெல்வின் அளவுக்குத் தணிந்தது, அணுக்கள் உருவாயின, மூடுபனி விலகியது. அன்று விடுபட்ட ஒளியே இன்றும் எங்கும் நிறைந்துள்ளது. அண்டம் விரிய விரிய அதன் அலைகளும் நீண்டு, கண்ணுக்குப் புலனாகா நுண்ணலைகள் ஆயின. இன்று அதன் வெப்பநிலை 2.7 கெல்வின், அதாவது, பனிக்கட்டி உருகும் நிலைக்குக் கீழே 270 பாகை.

கொடைக்கானல் தூர்தர்ஷன் கோபுரத்தினின்று தென்மாவட்டங்கள் படம் பெற்றுவந்த காலத்தைப் பெரியோர் நினைவுகூர்வர். ஒளிபரப்பு முடிந்ததும் திரையில் வெண்புள்ளிகளும் கரும்புள்ளிகளும் எறும்புக் கூட்டம்போல் நெளியும். அவற்றுள் நூற்றில் ஒன்று அண்டத்தின் பிறப்புக் காலத்தது எனப் பலர் எழுதியுள்ளனர். கேட்க இனிய கூற்றுத்தான். ஆயினும் விழிப்போடு கொள்ளத்தக்கது. அப்புள்ளிகளிற் பெரும்பாலானவை தொலைக்காட்சிப் பெட்டியின் உறுப்புகளினின்றும், மின்பொறிகளின் தீப்பொறியினின்றும், பால்வீதி மண்டலத்தினின்றும் வருவன. பின்னணிக் கதிர்வீச்சின் பங்கு நூற்றில் ஒன்றோ, அதனினும் குறைவோதான். இப்புள்ளி அதனுடையது என்று ஒன்றையேனும் சுட்டிக்காட்ட முடியுமா? முடியாது. வந்து சேர்வது வேறு. வந்ததைப் பிரித்தறிவது வேறு.

பிரித்தறிந்தவர் இருவர். 1964ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹோம்டெல் என்னுமிடத்தில் பென்சியாஸ், வில்சன் என்னும் அறிஞர்கள், பெரிய கொம்பு வடிவ அலைவாங்கி ஒன்றைக்கொண்டு வானை அளந்தனர். கணக்கிற்கு மிஞ்சிய இரைச்சல் ஒன்று குறையாமல் நின்றது. பகலிலும் இரவிலும், எத்திசை நோக்கினும் அஃது ஒரே அளவினதாய் இருந்தது. கொம்பினுள் புறாக்கள் குடியிருந்தன. அவற்றை அகற்றி, எச்சத்தையும் துடைத்தனர், இரைச்சல் போகவில்லை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்து டிக்கே குழுவினர் அதன் பொருளை விளக்கினர். 1965இல் செய்தி வெளியாயிற்று. 1978இல் அவ்விருவரும் நோபெல் பரிசில் பங்கு பெற்றனர். புறா எச்சத்தையும் ஒரு காரணமாக ஐயுற்று ஆராய்ந்த அப்பொறுமையே அவர்களுக்கு வெற்றி தந்தது.

வீட்டு டிஷ் ஒன்றால் இவ்வழியில் எவ்வளவு தொலைவு செல்லலாம்? டிஷ் பொருத்த வருவோரிடம் 'சாட்டிலைட் ஃபைண்டர்' என்னும் முள்காட்டி இருக்கும். அதனை இணைத்து, டிஷ்ஷைச் சுவரை நோக்கித் திருப்பினால் முள் உயரும். 300 கெல்வின் அளவுள்ள சுவரும் நுண்ணலைகளை வீசுகின்றது. செயற்கைக் கோள்கள் நிற்கும் தென்வானை விடுத்து, உச்சிக்குச் சற்று வடக்கே திருப்பினால் முள் தாழும். வானம் குளிர்ந்தது என்பது கண்முன் புலனாகின்றது.

ஆயினும் முள் முற்றிலும் தாழ்வதில்லை. கருவியின் இரைச்சல், காற்றுமண்டலத்தின் வெப்பம், பின்னணிக் கதிர்வீச்சு ஆகிய மூன்றும் அங்கே கலந்துள்ளன. டிஷ்ஷை அடிவானை நோக்கிச் சாய்த்தால் குறுக்கிடும் காற்றின் பரப்பு மிகும்; அதற்கேற்ப முள்ளும் ஏறும். பின்னணியோ சாய்வால் மாறுவதில்லை. இவ்வேறுபாட்டைக்கொண்டு காற்றின் பங்கைக் கழிக்கலாம். கருவியின் இரைச்சலைக் கழிப்பதே அரிது. அதன் அளவு, தேடும் பொருளைப்போலப் பன்மடங்கு. வெப்பநிலை நன்கறிந்த கடுங்குளிர்ப் பொருள் ஒன்றோடு ஒப்பிட்டாலன்றி அது பிடிபடாது. பென்சியாஸ் அதற்கெனத் திரவ ஹீலியத்தைப் பயன்படுத்தினார். அஃது எவ்வீட்டுச் சமையலறையிலும் கிடைப்பதன்று.

மலையூருக்கு ஓர் ஆதாயம் உண்டு. 2,343 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானல் வானாய்வுக்கூடத்தின்மேல் நிற்கும் காற்று, கடல்மட்டத்தைவிட ஏறத்தாழக் கால்பங்கு குறைவு. ஆனால் மழைமேகம் கவிந்த நாளில் அவ்வாதாயம் பறிபோகும். மேகத்து நீரும் நுண்ணலைகளை வீசும். மேகமற்ற தெளிந்த இரவே இச்சோதனைக்கு ஏற்றது.