தக்காளிக்குத் துணை செண்டுமல்லி

காய்ப்புழுவை ஒழிக்க வாங்கிய பூச்சிக்கொல்லியின் மிச்சம், சில வீடுகளில் குளிர்பானப் புட்டிக்குள் ஊற்றி வைக்கப்படுகிறது. அதைப் பானமென்று எண்ணிக் குடித்துவிட்ட குழந்தைகள் மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரப்படுவதுண்டு. அந்த நஞ்சு வீட்டுக்குள் வராமலே காய்கறி பயிரிட இயலுமா எனக் கேட்போருக்காகத் துணைப்பயிர் முறையை இங்கே விளக்குகிறோம்.

தக்காளிக் காயைத் துளைப்பது ஓர் அந்துப்பூச்சியின் புழு. அதன் தாய்ப்பூச்சி செண்டுமல்லிப் பூக்களையும் மொட்டுகளையும் பெரிதும் நாடி முட்டையிடுகிறது. ஆதலால் வயல்களில் 16 வரிசைத் தக்காளிக்கு 1 வரிசை செண்டுமல்லி நடப் பரிந்துரைக்கிறார்கள். மாடித் தோட்டத்தில் தக்காளித் தொட்டிகளின் இடையே ஓரிரு செண்டுமல்லித் தொட்டிகளை வைத்துப் பார்க்கலாம். நடும்போது தக்காளி நாற்று 25 நாள் வயதும், செண்டுமல்லி நாற்று 40 நாள் வயதும் உடையனவாக இருத்தல் வேண்டும். அப்போதுதான் இரண்டும் ஒருங்கே பூக்கும். பலர் தவறவிடுவது இந்தக் கணக்கைத்தான். பிந்திப் பூக்கும் செண்டுமல்லி பூசைக்கு உதவும், தக்காளிக்கு உதவாது. பூவில் காணும் புழுக்களை அவ்வப்போது பொறுக்கி அழித்துவிடவும் வேண்டும். இல்லையேல் நாமே அவற்றுக்குத் தொட்டில் கட்டியவர்களாவோம்.

வெண்டைக்கு அருகே தட்டைப்பயறு விதைக்கலாம். அதில் அசுவினி மொய்க்கும். அசுவினியைத் தின்னப் பொறிவண்டுகள் வரும். பெருகிய வண்டுகள் வெண்டையிலுள்ள அசுவினியையும் தின்னும். பொறிவண்டின் இளம்புழு கருமையாய், சிறு முதலை போன்ற வடிவில் இருப்பதால், தீயதென்று கருதி நசுக்கிவிடுகிறோம். அதுவே நமக்குப் பெரும் துணை.

இலை தின்னும் புழுக்களைக் கவர ஆமணக்கை நடுவதும் வழக்கம். ஆயினும் சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் அது வேண்டா என்போம். அதன் விதையை மென்று விழுங்குவது உயிருக்கே ஆபத்தானது.

இம்முறையால் எல்லாப் பூச்சிகளும் அகன்றுவிடா. சில காய்கள் சொத்தையாகவே கிடைக்கும். அப்பகுதியை அரிந்து எறிந்துவிட்டு எஞ்சியதைச் சமைக்கலாம்.

நீரிழிவு உள்ளவர்கள் வெறுங்காலுடன் தோட்டத்தில் இறங்கலாகாது. நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளை உட்கொள்பவர்கள், மண்ணையும் எருவையும் கையாளுமுன் தம் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பூச்சிக்கொல்லியை ஏற்கெனவே வைத்திருப்போர் அதை அதன் சொந்தப் புட்டியிலேயே பூட்டி வையுங்கள். யாரேனும் தவறிக் குடித்துவிட்டால், வாந்தியெடுக்கச் செய்ய முயலாமல், அந்தப் புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே அவசரப் பிரிவுக்கு வாருங்கள்.