டொமைன் யார் பேர்ல இருக்கு?

இந்த வாரக் கேள்வி கோயம்புத்தூர்ல இருந்து. பம்ப் உதிரி பாகம் செய்யுற கம்பெனி, மொத்தம் நாற்பது பேர். கேள்வி அனுப்பினவர் அங்கே 'ஐடி'. அதாவது பிரிண்டர் ஓடலைன்னாலும் அவர்தான், டேலி திறக்கலைன்னாலும் அவர்தான், சிசிடிவி தெரியலைன்னாலும் அவர்தான். நம்ம நிகழ்ச்சி கேட்கிறவங்கள்ல நிறைய பேர் இந்த ஒத்தை ஆள் வேலையில்தான் இருக்கீங்கன்னு வர்ற வாய்ஸ் நோட்டுகளைக் கேட்டாலே தெரியுது.

பிரச்சினை இதுதான். திங்கட்கிழமை காலையில் யாருக்கும் மெயில் வரலை. வெப்சைட்டைத் திறந்தா கம்பெனி பக்கத்துக்குப் பதிலா ஏதோ விளம்பரப் பக்கம். டொமைன் எக்ஸ்பயர் ஆகியிருக்கு. சரி, புதுப்பிக்கலாம்னு போனா அக்கவுன்ட்டே இவங்ககிட்ட இல்லை. பத்து வருஷத்துக்கு முன்னாடி வெப்சைட் செஞ்சு கொடுத்த டிசைனர், தன்னோட அக்கவுன்ட்டில் வாங்கி வெச்சிருக்கார். அவர் இப்போ அந்தத் தொழிலிலேயே இல்லை. போனும் எடுக்கலை. ஓனர் பின்னாடி நின்னுக்கிட்டு, "நம்ம கம்பெனி பேரு, நம்ம வெப்சைட்டு, அது எப்படிப்பா நம்மகிட்ட இல்லாம போகும்?"னு கேட்கிறார்.

ஓனரோட கேள்வி நியாயமானது. அதுக்குப் பதில் தெரிஞ்சா மத்ததெல்லாம் புரியும்.

ஒரு வீட்டை மேஸ்திரி கட்டிக் கொடுக்கிறார். வீட்டில் நீங்க குடியிருக்கீங்க, கரண்ட் பில் நீங்க கட்டுறீங்க. ஆனா பட்டா மேஸ்திரி பேர்ல இருக்குன்னா? டொமைன் விஷயத்தில் நடந்திருக்கிறது அதுதான். வெப்சைட் ஃபைல்கள் இருக்கிற இடம் ஹோஸ்டிங். இந்தப் பேருக்கு வர்ற மெயில் எங்கே போகணும், வெப்சைட் எங்கே இருக்குன்னு வழி சொல்லுறது டிஎன்எஸ். பேரு மட்டும் தனியா இருக்கிறது டொமைன். மூணும் மூணு இடத்தில் இருக்கலாம், மூணுக்கும் தனித்தனி பில் வரலாம். டிசைனர் மூணையும் ஒரே பில்லில் போட்டு "வெப்சைட் வருஷச் செலவு"ன்னு எழுதிடுவார். ஓனருக்கு அது ஒரே பொருளாத்தான் தெரியும்.

பட்டா உதாரணம்கூட முழுசாப் பொருந்தாது. டொமைனை யாரும் சொந்தமா வாங்குறதே இல்லை. அது குத்தகை. டாட் காம் பேரை ஒரே நேரத்தில் அதிகபட்சம் 10 வருஷத்துக்குத்தான் எடுக்க முடியும். குத்தகைதாரர்னு பதிவில் யார் பேர் இருக்கோ, ரிஜிஸ்ட்ரார் அவர் பேச்சைத்தான் கேட்கும். உங்க கம்பெனி பெயர்ப்பலகை எத்தனை வருஷமா தொங்குதுங்கிறது அங்கே கணக்கில் வராது.

இப்போ நாள் கணக்கைப் பார்ப்போம். டாட் காம் எக்ஸ்பயர் ஆன உடனே காணாம போயிடாது. முதல்ல ஒரு சலுகைக் காலம், 45 நாள் வரைக்கும் இருக்கலாம். எத்தனை நாள்னு ரிஜிஸ்ட்ரார் முடிவு பண்ணும். இதுக்குள்ளே வழக்கமான கட்டணத்திலேயே புதுப்பிக்க வாய்ப்பு அதிகம். அது முடிஞ்சு டொமைன் நீக்கத்துக்குப் போனா 'ரிடெம்ப்ஷன்'னு ஒரு 30 நாள். அப்போவும் மீட்கலாம், ஆனா பல மடங்கு கட்டணம். அதுக்கப்புறம் 'பெண்டிங் டெலீட்' 5 நாள், இதில் யாராலும் ஒண்ணும் செய்ய முடியாது. ஆறாவது நாள் அந்தப் பேரு பொதுச்சந்தைக்கு வந்துடும். இன்னொரு விஷயம், சில ரிஜிஸ்ட்ரார்கள் சலுகைக் காலம் ஓடிக்கிட்டு இருக்கும்போதே பேரை ஏலத்துக்குக் கொண்டு போயிடுவாங்க. அதனால "45 நாள் இருக்கே"ன்னு நிம்மதியா இருக்காதீங்க. ரெண்டு வாரம்தான் இருக்குன்னு நினைச்சு வேலை பாருங்க.

அப்படிப் பேரு கைமாறிப் போனா என்ன ஆகும்? வெப்சைட் போகும், பரவாயில்லை, வேற பேர்ல போட்டுக்கலாம்னு தோணும். வெப்சைட் இதில் சின்ன விஷயம். மெயில்தான் பெருசு. புதுசா வாங்கினவர் அந்தப் பேருக்கு மெயில் வசதி வெச்சுட்டா, அக்கவுன்ட்ஸ் முகவரிக்கு வர்ற எல்லா மெயிலும் அவருக்குப் போகும். ஜிஎஸ்டி போர்ட்டல்ல எந்த மெயில் பதிவாகியிருக்கு? பேங்க்ல? சப்ளையர் இன்வாய்ஸ் எந்த முகவரிக்கு வருது? "பாஸ்வேர்டு மறந்துட்டேன்"னு ஒரு பட்டனை அழுத்தினா லிங்க் எங்கே போகும்? நாற்பது பேர் சம்பளம் வாங்குற ஒரு கம்பெனியோட சாவிக்கொத்தே அந்த மெயில் முகவரியில்தான் தொங்கிக்கிட்டு இருக்கு.

சின்ன கம்பெனிக்கு மட்டும் நடக்கிறதுன்னு நினைக்காதீங்க. 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் மைக்ரோசாஃப்ட் தன்னோட பாஸ்போர்ட் டாட் காம் டொமைனைப் புதுப்பிக்க மறந்தது. ஹாட்மெயில் லாகின் அதை நம்பித்தான் இருந்தது, பல பேரால உள்ளே போக முடியலை. கடைசியில் மைக்கேல் சேனின்னு ஒரு லினக்ஸ் புரோகிராமர் தன் கார்டில் 35 டாலர் கட்டி அதைப் புதுப்பிச்சார். மைக்ரோசாஃப்ட்டுக்கு லினக்ஸ்காரர் பில் கட்டின கதைன்னு அப்போ எல்லாரும் சிரிச்சாங்க. ஆனா கோயம்புத்தூர் நண்பருக்கான முதல் வழி இந்தக் கதைக்குள்ளேதான் இருக்கு. பதிவில் பேர் இல்லாத ஒருத்தர்கூட பணம் கட்ட முடிஞ்சது.

அதனால முதல் வேலை: புதுப்பிக்கிறது. உரிமைப் பிரச்சினை அப்புறம். ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்காதீங்க.

ஐகான் அமைப்போட லுக்கப் பக்கத்தில் உங்க டொமைன் பேரைப் போடுங்க. ஆள் பேரு, போன் நம்பர் எல்லாம் பெரும்பாலும் மறைச்சிருக்கும், 2018-ல ஐரோப்பாவில் தனியுரிமைச் சட்டம் வந்ததுக்கப்புறம் இப்படித்தான். ஆனா நமக்கு வேண்டிய மூணு விஷயம் தெரியும். ரிஜிஸ்ட்ரார் யாரு, முடிவுத் தேதி என்ன, இப்போதைய நிலை என்ன. நிலையில் ரிடெம்ப்ஷன்னு இருந்தா வேகமா ஓடணும். முடிவுத் தேதி அடுத்த வருஷம்னு காட்டினாலும் ஏமாறாதீங்க. சலுகைக் காலத்தில் பதிவகம் தானாவே ஒரு வருஷம் கூட்டிக் காட்டும், ரிஜிஸ்ட்ரார் பணம் வரலைன்னு ரத்து பண்ணா அது திரும்பக் குறைஞ்சிடும்.

ரிஜிஸ்ட்ரார் பேரு தெரிஞ்சதும் அவங்க சப்போர்ட்டைக் கூப்பிட்டு, "அக்கவுன்ட் எங்ககிட்ட இல்லை, புதுப்பிக்கிற பணத்தை மட்டும் நாங்க கட்டலாமா?"ன்னு கேளுங்க. சிலர் ஒத்துக்குவாங்க, சிலர் மாட்டாங்க. ஒத்துக்கிட்டா இன்னைக்கே கட்டிடுங்க. டிசைனர் ரீசெல்லரா இருந்தா ரிஜிஸ்ட்ரார் உங்களை அவர்கிட்டயே திருப்பி விடும். ரீசெல்லர் பதில் சொல்லலைன்னு எழுத்தில் புகார் கொடுங்க. ரீசெல்லர் மூலமா வித்திருந்தாலும், டாட் காம் விஷயத்தில் ஐகானுக்குப் பொறுப்பு ரிஜிஸ்ட்ரார்தான். கூடவே ஜிஎஸ்டி சான்றிதழ், பழைய பில், பணம் கட்டின பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாத்தையும் சேர்த்து அனுப்புங்க.

அதே நேரத்தில் கஸ்டமர்களுக்கு வாட்ஸ்அப்ல ஒரு தகவல் போடச் சொல்லுங்க: மெயில் தற்காலிகமா வேலை செய்யலை, இந்த முகவரிக்கு அனுப்புங்க, எங்க பேங்க் அக்கவுன்ட் நம்பர் மாறலை. கடைசி வரி முக்கியம். புது மெயில்ல இருந்து புது அக்கவுன்ட் நம்பர் அனுப்பிப் பணத்தைச் சுருட்டுற கூட்டத்துக்கு இந்த மாதிரி நாள்தான் அறுவடை.

இனி அந்த டிசைனர். ஓனர் "வக்கீல் நோட்டீஸ் விடு"ங்கிறாராம். வேண்டாம்னு சொல்லுவேன். அந்தக் காலத்தில் ஓனர்கிட்ட கிரெடிட் கார்டு இருந்திருக்காது, ஆன்லைன்ல பணம் கட்ட பயம். டிசைனர் தன் கார்டில் கட்டிட்டு அப்புறம் ரொக்கமா வாங்கியிருப்பார். பெரும்பாலான கதைகள் இப்படித்தான் ஆரம்பிக்குது, திருட்டு எதுவும் இல்லை. சில சமயம் கடைசி ரெண்டு வருஷப் பில்லை ஓனர் பாக்கி வெச்சிருப்பார், அதையும் கொஞ்சம் விசாரிங்க. அப்புறம் இப்படி ஒரு மெசேஜ் போடுங்க:

"அண்ணா, வணக்கமுங்க. நம்ம கம்பெனி டொமைன் எக்ஸ்பயர் ஆயிடுச்சுங்க. உங்க அக்கவுன்ட்ல இருக்குதுங்க. புதுப்பிக்கிற பணமும் பழைய பாக்கி ஏதாவது இருந்தா அதுவும் இன்னைக்கே போட்டு விடறோமுங்க. டொமைனை எங்க அக்கவுன்ட்டுக்கு மாத்திக் கொடுத்தீங்கன்னா போதுமுங்க, இனி உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டோம்."

தொழிலை விட்டுப் போன ஆளுக்குப் பழைய கஸ்டமர் போன்னாலே சலிப்பு. "இதோட முடிஞ்சது"ங்கிற வாக்குறுதிதான் அவரைப் பதில் சொல்ல வைக்கும்.

உண்மையிலேயே தர மாட்டேன்னு பிடிவாதம் பிடிச்சா சட்ட வழி இருக்கு. டொமைன் பேருக்கும் வணிகப் பேருக்கு உள்ள பாதுகாப்பு உண்டுன்னு 2004-ல சத்யம் இன்ஃபோவே வழக்கில் நம்ம உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு. டாட் காமுக்கு யுடிஆர்பி, டாட் இன்னுக்கு ஐஎன்டிஆர்பின்னு தனித் தகராறு முறைகள் இருக்கு. ஆனா வைப்போ அமைப்பில் யுடிஆர்பி போட்டா ஒரு நடுவருக்கே 1,500 டாலர். அதோட டிசைனர் கெட்ட எண்ணத்தோட பதிவு செஞ்சார்னு நீங்க நிரூபிக்கணும். நீங்க சொல்லித்தான் அவர் வாங்கினார்ங்கிறப்போ அது லேசில்லை. வருஷம் ஆயிரம் ரூபாய் சொச்சம் ஆகுற ஒரு பொருளுக்கு இந்த வழி கடைசிதான்.

டிசைனர் சரின்னு சொல்லிட்டார்னு வெச்சுக்குவோம். இங்கே அவசரப்பட்டுக் கெடுக்கிறவங்க நிறைய. வேற ரிஜிஸ்ட்ராருக்கு மாத்த முயற்சி பண்ணாதீங்க. அதே ரிஜிஸ்ட்ரார்ல கம்பெனிக்கு ஒரு அக்கவுன்ட் திறந்து, அவர் அக்கவுன்ட்ல இருந்து இதுக்குத் தள்ளச் சொல்லுங்க. பல இடத்தில் சில நிமிஷ வேலைதான். உரிமையாளர் பேரை மாத்தினா டாட் காம் மாதிரி டொமைன்களுக்கு 60 நாள் டிரான்ஸ்ஃபர் பூட்டு விழலாம். விழுந்தாலும் நஷ்டமில்லை, பேரு உங்ககிட்ட வந்துடுச்சு. நேம்சர்வரைத் தொடுறதுக்கு முன்னாடி இப்போ இருக்கிற டிஎன்எஸ் ரெகார்டு எல்லாத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்குங்க, முக்கியமா எம்எக்ஸ், டிஎக்ஸ்டி ரெகார்டுகள். டொமைனை மீட்ட சந்தோஷத்தில் நேம்சர்வரை மாத்தி, மெயிலை இன்னும் ரெண்டு நாள் நிறுத்தினவங்க உண்டு.

புது அக்கவுன்ட்டுக்கு எந்த மெயில் கொடுப்பீங்க? கம்பெனி மெயிலைத்தானே? அதை மட்டும் கொடுக்காதீங்க. டொமைன் நின்னா அந்த மெயிலும் நிக்கும், பாஸ்வேர்டு மாத்துற லிங்க் உங்களுக்கு வராது. வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளே வெச்சுப் பூட்டுற மாதிரி. கம்பெனிக்குன்னு வெளியே ஒரு மெயில் வெச்சு, ரெண்டு பேர் கையில் கொடுங்க, அதில் ஒருத்தர் ஓனர். உங்க சொந்த மெயிலைக் கொடுக்காதீங்க. நாளைக்கு நீங்க வேற வேலைக்குப் போனா, அடுத்து வர்றவருக்கு நீங்கதான் அந்த போன் எடுக்காத டிசைனர்.

ஆட்டோ ரினியூவல் போட்டாச்சே, அப்புறம் என்னன்னு கேட்பீங்க. 2021 அக்டோபர்ல இருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டில் தானா பணம் எடுக்கணும்னா முறையா இ-மேண்டேட் பதிவாகியிருக்கணும். வெளிநாட்டு ரிஜிஸ்ட்ரார் நிறைய பேர்கிட்ட அது சரியா அமையுறதில்லை. 'ஆன்'னு பச்சையா காட்டும், அன்னைக்குப் பணம் போகாது. அதனால நம்ம ஊர்ல ஆட்டோ ரினியூவலை நம்புறதைவிட 5 வருஷத்துக்கு மொத்தமா கட்டிடுறது நல்லது. எல்ஐசி பிரீமியம் தேதி எழுதி வெச்சிருக்கிற அதே டைரியில் இதையும் எழுதி வைக்கச் சொல்லி அக்கவுன்ட்ஸ் அக்காகிட்ட கொடுங்க. உங்க காலண்டர் ரிமைண்டரைவிட அது பத்திரம்.

கோயம்புத்தூர் நண்பர்கிட்ட இருந்து நேத்து ராத்திரி ஒரு மெசேஜ். டிசைனர் பேசிட்டாராம். இப்போ ஈரோட்டில் பேக்கரி வெச்சிருக்காராம், 2022 பில் பாக்கி இருந்ததாம். டொமைன் சலுகைக் காலத்தில்தான் இருக்கு, பணம் கட்டியாச்சு. அக்கவுன்ட் மாத்துற வேலை நாளைக்கு. அடுத்த வாரம் டேலி டேட்டா பேக்கப் பத்தி வந்த மூணு கேள்வியைச் சேர்த்து எடுத்துக்கலாம்.