உண்ணியின் வாயும் உழைப்பவர் உரிமையும்

1957ஆம் ஆண்டு, ஷிமோகா ஜில்லா சொரபா தாலுகாவைச் சேர்ந்த கியாசனூர்க் காட்டில் குரங்குகள் மடிந்து விழவும், அக்காட்டை அண்டிப் பிழைத்த ஏழை மக்கள் கடும் ஜுரத்தில் படுக்கவும் கண்டு, புனா வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தார் காரணம் தேடிச் சென்றபோது, இறுதியில் அவர்கள் கையில் அகப்பட்டது சருகுகளுக்கிடையே வாழும் ஒரு சிறிய உண்ணி. கன்னடத்தில் 'மங்கன காயிலெ' என்றும் தமிழில் குரங்குக் காய்ச்சல் என்றும் வழங்கும் அந்நோய், பின்னாளில் நீலகிரியிலும் வயநாட்டிலுங்கூடத் தென்பட்டிருக்கிறது.

உண்ணி கடித்துவிட்டது என்று நாம் சொல்வது வழக்கமாயினும், உண்மையில் அது நம் தோலில் குடியேறுகிறது. கொசு ஓரிரு நிமிஷங்களில் காரியத்தை முடித்துக்கொண்டு பறந்துவிட, உண்ணியோ நாள்கணக்கில் ஒரே இடத்தில் ஒட்டிக் கிடந்து ரத்தம் குடிக்கவேண்டியிருப்பதால், அதன் வாய் பற்றிக்கொள்வதற்கென்றே அமைந்திருக்கிறது. நுனியில் கொக்கிகளையுடைய இரண்டு வெட்டுக்கருவிகள் மாறி மாறி நீண்டு தோலை மெல்லக் கீறுகின்றன. ஐரோப்பாவில் வாழும் ஓர் இனத்தைக் கவனித்த விஞ்ஞானிகள் 2013இல் வெளியிட்ட விவரம் வியக்கத்தக்கது: நீந்துகிறவன் இரு கைகளையும் ஒருங்கே விரித்து நீரைப் பின்தள்ளி முன்னேறுவதுபோல, ஊன்றிய கருவிகள் இரண்டும் ஒருசேர விரிந்து, அவற்றின் கீழுள்ள ஈட்டி போன்ற உறுப்பைத் தோலுக்குள் இழுத்துவிடுகின்றன. அந்த ஈட்டியில் பின்னோக்கிச் சாய்ந்த பற்கள் வரிசை வரிசையாக இருப்பதால், தூண்டில் முள்ளைப்போல அது உள்ளே போவது எளிது, வெளியே வருவது அரிது. குரங்குக் காய்ச்சலைப் பரப்பும் இனத்துக்கு வாய் குட்டை. அக்குறையை ஈடுசெய்ய, அது உமிழ்நீரோடு ஒரு பசையைச் சுரந்து, சிமெண்டு வைத்துப் பூசியதுபோலத் தன்னைத் தோலோடு பிணைத்துக்கொள்கிறது.

பின்பு நுண்ணிய நாளங்களை அறுத்து, தோலுக்கடியில் ரத்தம் தேங்கும் சிறு குட்டையொன்றை உண்டாக்கி, உறிஞ்சுவதும் உமிழ்வதுமாக அது தொழில் நடத்துகிறது. ரத்தம் உறையாதபடி தடுத்து, வலியையும் அரிப்பையும் மழுங்கச்செய்து, சரீரத்தின் எதிர்ப்புச் சக்தியையும் தணிக்கும் பொருள்கள் அந்த உமிழ்நீரில் இருப்பதால், கடியுண்டவர் பெரும்பாலும் அதனை அறிவதில்லை. குடித்த ரத்தத்திலுள்ள மிகுதி நீரையும் உண்ணி உமிழ்நீர் வழியே நம் உடலுக்குத் திருப்பிச் செலுத்துகிறது. நோய்க்கிருமி உட்புகும் வழியும் அதுவே.

ஆகவே, நெருப்பால் சுடுவதும், மண்ணெண்ணெய் தடவுவதும், விரலால் நசுக்குவதும், கிருமி கலந்த அந்த நீரை நாமே உட்செலுத்திக்கொள்வதற்கு ஒப்பான அபாயங்கள். மெல்லிய முனையுள்ள இடுக்கியால், வயிற்றைத் தொடாமல், தோலை ஒட்டி வாய்ப்பக்கத்தைப் பிடித்து, முறுக்காமல், நிதானமாக நேர் மேலே இழுத்து, அந்த இடத்தைச் சோப்பால் கழுவவேண்டும். வாயின் துணுக்கு தங்கிவிட்டால் ஊசியால் குடைய வேண்டாம். தோல் தானே அதை வெளித்தள்ளிவிடும். மனிதரைப் பெரும்பாலும் பற்றுபவை கடுகளவான இளம் உண்ணிகளாதலால், அவை மிகுந்திருக்கும் நவம்பர் முதல் மே வரை காட்டிலிருந்து திரும்பியவுடன் அக்குள், இடுப்பு, முழங்காலின் பின்புறம் ஆகிய இடங்களைப் பார்த்துக்கொள்வது அவசியம். கடித்து 3 முதல் 8 நாட்களுக்குள் ஜுரமும் கடுந்தலைவலியும் கண்டால் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். இந்நோய்க்கெனத் தனி மருந்து கிடையாதெனினும், காலத்தில் கிடைக்கும் பராமரிப்பு உயிரைக் காக்கும்.

காட்டில் காவல் வேலையோ தோட்ட வேலையோ செய்பவருக்கு இந்நோய் வருமாயின், அதை அவருடைய தலைவிதியென்று எஜமானர் கைகழுவிவிட முடியாது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, தொற்று அபாயம் விசேஷமாக உள்ள வேலையில் வரும் தொற்றுநோய்களைத் தொழில்வழி நோய்களாகவே கொண்டிருந்தது. அச்சட்டத்தை உள்ளடக்கிய 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அத்தகைய அட்டவணை உண்டு. ஆயினும் வேலைக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை நிரூபிக்கவேண்டியிருப்பதால், எந்தத் தேதியில் எந்தக் காட்டில் வேலை செய்தபோது உண்ணி பற்றியது என்பதை டாக்டரிடம் சொல்லி, சிகிச்சைச் சீட்டில் எழுதச்செய்து, ரத்தப் பரிசோதனை முடிவின் பிரதியையும் கேட்டு வாங்கிவைத்துக்கொள்ள வேண்டும்.

என் மனத்தை உறுத்துவது வேறொன்று. தேனும் மெழுகும் சேகரிக்கும் பழங்குடி மக்களுக்கு 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அப்பொருள்களின்மீது உரிமை வழங்கியிருக்கிறது. ஆனால் அவற்றைத் தேடிச் செல்லும் வழியில் உண்ணி பற்றி நோயுற்றால், எஜமானர் என்று ஒருவர் இல்லாத அவர்கள் யாரிடம் நட்டஈடு கேட்பது? அச்செலவை அரசாங்கமே ஏற்கவேண்டுமென்று கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றிக் கலெக்டருக்கு அனுப்புவது, அவர்கள் இன்றைக்கே செய்யத்தக்க காரியம்.