பரிசல் கவிழ்வது ஆற்று நடுவில் மட்டுமில்லை, கரையிலும்தான்!

எருமப்பட்டிக்காரர்களுக்குத் தண்ணீர் என்றால் ஒன்று, கொல்லிமலை ஏறி வாசலூர்பட்டி படகு இல்லம். இல்லையென்றால் மோகனூர் காவிரி. லீவு நாலு நாள் சேர்ந்தாற்போல வந்தால் வண்டி ஒகேனக்கலுக்குத் திரும்பும். அங்கே எல்லோரும் பயப்படுவது சுழலைப் பார்த்துத்தான். ஆனால் ஏறுகிற இடமும் இறங்குகிற இடமும்தான் நம்மைப் போன்றவர்களுக்கு நிஜமான கண்டம்.

காரணம் பாசி. ஆற்றில் தண்ணீர் ஏறி இறங்கும்போது, நனைந்து நனைந்து காயும் அந்த ஒரு முழ அகலப் பட்டையில்தான் அது படர்கிறது. கல்லுக்கும் காலுக்கும் நடுவில் வழவழப்பான ஒரு படலமாக நின்றுவிடும். பிடிமானம் அதோடு போச்சு. மேலே காய்ந்த கல்லில் தைரியமாக வருவீர்கள், அந்தப் பச்சைக்கோட்டில் கால் வைத்த நொடியே மல்லாந்துவிடுவீர்கள். தண்ணீர் வடிந்த பிறகு மிஞ்சும் வண்டல் இன்னும் மோசம். அது பச்சையாகக்கூடத் தெரியாது.

சரி, எப்படி ஏறுவது? செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். தேய்ந்த ரப்பர் செருப்பைவிட வெறுங்கால் எவ்வளவோ மேல். நேராக இறங்காமல் பக்கவாட்டில், முட்டியை மடக்கி, சின்னச் சின்ன அடியாக. பழைய சாக்கு ஒன்றை நனைத்து விரித்தால் பாதிப் பிரச்னை தீர்ந்தது. பரிசல் வட்டமானது, அடிப்பக்கம் தட்டை. விளிம்பில் மிதித்தால் அந்தப் பக்கம் சாய்ந்து தண்ணீர் உள்ளே வரும். அதனால் கால் விழவேண்டியது நட்டநடுவில். ஒருவர் உட்கார்ந்த பிறகு அடுத்தவர், எதிர்ப்பக்கத்தில். லைஃப் ஜாக்கெட்டைக் கரையிலேயே கட்டிவிடுங்கள். ‘உள்ளே போய்ப் போட்டுக்கலாம்’ என்பது பேச்சே இல்லை.

இறங்கும்போதுதான் நம் ஆட்களுக்கு அவசரம். கரை தெரிந்ததும் குதிக்கிறோம். குதிக்கிற உதைப்பில் பரிசல் பின்னால் போகும், நாம் நடுவில் விழுவோம். பரிசல்காரர் இறங்கிப் பிடிக்கட்டும், ‘வாங்க’ என்று சொல்லட்டும். அதுவரை உட்கார்ந்தே இருங்கள்.

மேலே ஏற்றுவதைக் கவனித்திருக்கிறீர்களா? பரிசல்காரர்கள் பெரும்பாலும் இழுக்க மாட்டார்கள். கவிழ்த்துத் தலையில் சுமந்து போவார்கள். மூங்கில் பின்னலுக்குமேல் போட்ட தார் பூச்சும் பிளாஸ்டிக் தாளும் கல்லில் உரசினால் கிழிந்துவிடும். உள்ளே தேங்கிய தண்ணீரை முதலில் இறைத்துவிடுவார்கள். லிட்டருக்கு ஒரு கிலோ அல்லவா, பத்துக் குடம் நின்றால் பரிசலே அசையாது. மர ஓடமோ ஃபைபர் படகோ என்றால் கயிறு கட்டித்தான் இழுக்க வேண்டும். அப்போது படகுக்குக் கீழ்ப்பக்கம் யாரும் நிற்கக்கூடாது, கயிற்றைக் கையில் சுற்றவும் கூடாது. சரிந்தால் ஆளையும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

வெளிநாடுகளில் படகு இறக்கும் சரிவுத்தளத்தின் கான்கிரீட்டிலேயே சாய்வாகக் கோடுகள் கீறிவிடுகிறார்கள். தண்ணீர் வடியும், காலுக்கும் டயருக்கும் பிடி கிடைக்கும். நம் படித்துறைகளிலும் செய்யக்கூடியதுதான். அதுவரை வாரத்துக்கு ஒருமுறை தென்னந்துடைப்பத்தால் தேய்த்தாலே போதும், செலவும் இல்லை.

ஒகேனக்கலில் நீர்வரத்து கூடினால் பரிசலுக்குத் தடை வரும். கிளம்புவதற்கு முன்னால் செய்தியைப் பார்த்துவிடுங்கள். ஆடிப்பெருக்குக்கு மோகனூர் போகிறவர்கள், படியில் பச்சை தெரிந்தால் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்காதீர்கள். மேல்படியில் நின்றே சொம்பில் மொண்டு ஊற்றலாம், காவேரித்தாய் கோபித்துக்கொள்ள மாட்டாள்.