வேப்பமர நிழலில் யாருக்கு இடம்?

*கரிசல் பூமிக் கல்லூரிகளின் பார்க்கிங் பாடு*

காலை 8.40 முதல் 9 மணி வரை கோவில்பட்டியைச் சுற்றியுள்ள எந்தக் கல்லூரி வாசலில் நின்று பார்த்தாலும் காட்சி ஏறக்குறைய ஒன்றுதான். எட்டயபுரம் பக்கம், கயத்தாறு பக்கம், கழுகுமலை பக்கம் என்று நாலா திசையிலிருந்தும் வரும் கல்லூரி பஸ்கள் வாசலில் திரும்ப முயலும். அந்த இடுக்கில் ஸ்கூட்டர்கள் நுழையும். பின்னால் பேராசிரியர்களின் கார்கள் ஹாரன் அடிக்கும். டவுன் பஸ்ஸில் இறங்கி நடந்து வரும் மாணவிகள், பையையும் துப்பட்டாவையும் பிடித்துக்கொண்டு எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாமல் நிற்பார்கள். பெல் அடித்தால் எல்லாம் அடங்கிவிடும். மறுபடி மாலை நாலு மணிக்கு மேல் இதே கூத்து, எதிர்த் திசையில்.

உள்ளே போனால் இன்னொரு வேடிக்கை. மைதானம் போல் இடம் காலியாகக் கிடக்கும். ஆனால் வண்டிகள் அத்தனையும் நாலைந்து வேப்பமரங்களின் அடியில் அடைந்து கிடக்கும். பங்குனி, சித்திரை வெயிலில் நாள் முழுக்கக் காய்ந்த சீட்டில் மாலையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்த நிழலின் அருமை தெரியும். ஷெட் போட்ட இடம் ஊழியர்களுக்கு. மரத்தடி முந்தி வந்தவர்களுக்கு. மீதிப் பேருக்கு வெட்டவெளி.

தீப்பெட்டி, கடலைமிட்டாய், ஹாக்கி என்று பெயர் வாங்கிய கோவில்பட்டி இப்போது படிப்புக்கும் பேர்போன ஊர். ஜி.வெங்கடசாமி நாயுடு கல்லூரி 1966-ல் வந்தது. நேஷனல் பொறியியல் கல்லூரி 1984-ல் வந்தது. அதன் பிறகு வரிசையாக மற்ற கல்லூரிகளும் வந்தன. பழைய கல்லூரிகளுக்கு இடம் பார்த்து வரைபடம் போட்ட காலத்தில், மாணவர்கள் பஸ்ஸில் வந்தார்கள், சைக்கிள் மிதித்து வந்தார்கள், அல்லது ஹாஸ்டலில் தங்கினார்கள். ஸ்கூட்டர் வைத்திருந்த பேராசிரியரை விரல்விட்டு எண்ணிவிடலாம். இன்று வகுப்புகள் கூடிவிட்டன, பிரிவுகள் கூடிவிட்டன, மாணவர் கையில் வண்டியும் வந்துவிட்டது. வாசல் மட்டும் அதே அகலத்தில் இருக்கிறது.

இது நம் ஊர்த் தலைவலி மட்டுமில்லை. 1960-களில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த கிளார்க் கெர், பேராசிரியர்களை ஒன்றுசேர்த்து வைத்திருப்பதே பார்க்கிங் பற்றிய புகார்தான் என்று கேலியாக எழுதினார். அறுபது வருடமாகியும் அந்தக் கேலி பழசாகவில்லை!

ஸ்டாண்டை விழுங்கும் மண்

"இடம்தான் நிறைய இருக்கிறதே, இன்னும் கொஞ்சம் சுத்தம் பண்ணி பார்க்கிங் ஆக்கிவிடலாமே?" இதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை. மற்ற ஊர்களில் சரி. கரிசலில் அது அவ்வளவு எளிதில்லை.

கரிசல் மண் தண்ணீர் குடித்தால் உப்பும். காய்ந்தால் சுருங்கி, கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். பருத்திக்கும் கம்புக்கும் உளுந்துக்கும் அது வரம். வண்டிக்கும் ரோட்டுக்கும் சாபம். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு மழை விழுந்தால் போதும், சைடு ஸ்டாண்டு மெல்ல மெல்ல மண்ணுக்குள் இறங்கும். ஒரு வண்டி சாய்ந்தால் பக்கத்து வண்டி, அதற்கடுத்த வண்டி என்று வரிசையே படுத்துவிடும். விவரம் தெரிந்த பையன்கள் ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு தட்டைக்கல்லைப் போட்டுவிட்டுத்தான் வகுப்புக்குப் போவார்கள். செருப்பில் ஒட்டும் களி மண் வகுப்பறை வரை வரும் என்பது தனிக் கதை.

சரி, சிமென்ட் கல் பதித்துவிட்டால்? கரிசலைத் தோண்டி எடுத்து, சரள் கொட்டி, இறுக்கி, தண்ணீர் வடிய வழி விட்டு, அதன் மேல் பதிக்க வேண்டும். மேலோட்டமாகப் பதித்தால் இரண்டொரு மழைக்காலத்தில் கற்கள் மேடும் பள்ளமுமாகிவிடும். ஆக, இங்கே ஒவ்வொரு பார்க்கிங் கட்டத்துக்கும் காசு கூடுதல். அந்தக் காசு எங்கிருந்து வரும்? எல்லோரும் கட்டும் கட்டணத்திலிருந்துதான். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வரும் மாணவனும், வண்டி வைத்திருப்பவனின் நிழலுக்குச் சேர்த்துப் பணம் கட்டுகிறான்.

இந்தக் கடைசி விஷயத்தை வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவர் டொனால்ட் ஷூப். லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர், 2025-ல் மறைந்தார். இலவச பார்க்கிங் என்று ஒன்று கிடையாது, வண்டி இல்லாதவரும் அதற்கு விலை கொடுக்கிறார் என்பதை ஒரு தடிமனான புத்தகமாகவே 2005-ல் எழுதினார். வளாகத்துக்கு அவர் சைக்கிளில் வந்தவர் என்பதையும் சொல்ல வேண்டும்.

கணக்காகவே பார்க்கலாம். ஒரு கார் நிற்க, இரண்டரை மீட்டர் அகலமும் ஐந்து மீட்டர் நீளமும் வேண்டும். அதே இடத்தில் ஆறு டூவீலர்கள் நிற்கும். ஒரு பஸ் நிற்கும் இடத்தில் பதினைந்து டூவீலர்கள் நிற்கலாம். ஆனால் அந்த பஸ்ஸில் ஐம்பத்தைந்து பேர் வந்திருப்பார்கள். வாசலில் எதற்கு முதலில் வழிவிட வேண்டும் என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும். நடப்பில் என்ன நடக்கிறது? பஸ் வெளியே நெளிந்துகொண்டு நிற்க, ஒரே ஒருவர் உட்கார்ந்த கார் துறைக் கட்டடத்தின் படிக்கட்டு வரை போகிறது.

பதினேழு வயதுக் கணக்கு

நெரிசலைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. ப்ளஸ் டூ முடித்து ஜூன், ஜூலையில் கல்லூரிக்குள் வரும் பிள்ளைகளில் பலருக்குப் பதினெட்டு முடிந்திருக்காது. பதினாறு வயதில் லைசென்ஸ் எடுக்கலாம் என்பது 50 சி.சி.க்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்கு மட்டும். இன்று வீடுகளில் இருக்கும் ஸ்கூட்டர்கள் 110 சி.சி., 125 சி.சி. ரகம். அதற்குப் பதினெட்டு முடிந்தே ஆக வேண்டும்.

2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் இதில் ரொம்பவே கறார். பதினெட்டு நிறையாத பிள்ளை வண்டி ஓட்டி விபத்து, விதிமீறல் என்று குற்றம் நேர்ந்தால், பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதத்துக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரை லைசென்ஸ் கிடையாது. இன்ஷூரன்ஸ் கம்பெனி எதிர்த்தரப்புக்கு நஷ்டஈடு கொடுத்தாலும், அந்தப் பணத்தை உரிமையாளரிடம் திருப்பிக் கேட்க முடியும். அப்பா பெயரில் வண்டி, மகன் கையில் சாவி என்றால், இத்தனையும் அப்பா தலையில் விடியும்.

பெற்றோர்களுக்கு இது தெரியாமலா வண்டி வாங்கித் தருகிறார்கள்? சிலருக்குத் தெரியாது. பலருக்குத் தெரியும், ஆனால் வேறு வழி இல்லை. கரிசல்காட்டுக் கிராமங்கள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி இருப்பவை. காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ் என்று ஓடும் ஊர்கள் உண்டு. லேப் முடிய நேரமாகிவிட்டால் அந்த மாலை பஸ் போய்விடும். அடுத்த பஸ்ஸுக்கு இருட்டில் காத்திருப்பதா? அப்படிப்பட்ட ஊரில், ஒரு ஸ்கூட்டர் இருப்பதால்தான் ஒரு பெண் பிள்ளை படிப்பை விடாமல் தொடர்கிறாள் என்றால், அந்த ஸ்கூட்டரை வாசலில் தடுப்பது எந்த ஊர் நியாயம்? 'மாணவர்கள் வண்டியில் வரத் தடை' என்று ஒரு போர்டு எழுதி மாட்டுவது சுலபம். வண்டிகள் அப்போது எதிர்க் கடை வாசலிலும் நெடுஞ்சாலை ஓரத்திலும் நிற்கும். கல்லூரிக்குள் இருந்த ஆபத்து, லாரிகள் பறக்கும் ரோட்டுக்கு இடம் மாறும். அவ்வளவுதான்.

மலைப் பெயர் கொண்ட பஸ்கள்

தடை போட்டும் குறை இல்லாமல் நடக்கும் ஒரு வளாகம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. அது சென்னை ஐ.ஐ.டி. 1959-ல் கிண்டிக் காட்டை ஒட்டி 600 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் அமைந்தது. மான்கள் ரோட்டைக் கடக்கும் வளாகம். விடுதி மாணவர்கள் மோட்டார் வண்டி வைத்துக்கொள்ள அங்கே அனுமதி இல்லை. சைக்கிள், இல்லாவிட்டால் நடை. மெயின் கேட்டிலிருந்து கஜேந்திரா சர்க்கிள், வகுப்பறைகள், விடுதிகள் வரை பஸ்கள் ஓடுகின்றன. விடுதிகளுக்கு கங்கா, காவேரி என்று நதிகளின் பெயர் வைத்தவர்கள், பஸ்களுக்கு நீலகிரி, ஆரவல்லி, விந்தியா என்று மலைகளின் பெயரை வைத்தார்கள். முன்பு சின்னதாக ஒரு டிக்கெட் இருந்தது. பிறகு அதையும் எடுத்துவிட்டு இலவசமாக்கினார்கள். பேட்டரி வண்டிகளும் வந்துவிட்டன.

ஆனால் இதை அப்படியே தூக்கிவந்து கோவில்பட்டியில் வைக்க முடியாது. ஐ.ஐ.டி. மாணவர்கள் பெரும்பாலும் உள்ளேயே தங்குபவர்கள். அவர்கள் பயணம் கேட்டுக்குள் முடிந்துவிடும். நம் பிள்ளைகளின் பயணம் விளாத்திகுளத்திலும் திருவேங்கடத்திலும் தொடங்குகிறது. அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: வண்டியை நிறுத்து என்று சொல்வதற்கு முன்னால், அதற்குப் பதில் என்ன என்பதை அவர்கள் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

வெளியிலிருந்து வருபவர்களைச் சமாளித்த கதைகள் அமெரிக்காவில் இரண்டு. சியாட்டில் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகம் 1991-ல் பார்க்கிங் கட்டணத்தை ஏற்றியது. அதே நேரத்தில் மாணவர்களுக்கும் ஊழியர்களுக்கும் சலுகை விலையில் பஸ் பாஸ் கொடுத்தது. ஒரு கையால் எடுத்ததை மறு கையால் கொடுத்ததால் முணுமுணுப்பு அடங்கியது.

ஸ்டான்ஃபோர்டு கதை இன்னும் சுவாரசியம். புதுக் கட்டடங்கள் கட்ட 2000-ல் அந்த வட்டார நிர்வாகம் அனுமதி கொடுத்தபோது ஒரு நிபந்தனை போட்டது. எத்தனை கட்டடம் வேண்டுமானாலும் வரட்டும், ஆனால் காலை, மாலை நெரிசல் நேரத்தில் வரும் கார்களின் எண்ணிக்கை கூடக்கூடாது. பல்கலைக்கழகம் உட்கார்ந்து யோசித்தது. பார்க்கிங் கட்டணத்தில் ஒரு பகுதியை, கார் கொண்டுவராதவர்களுக்குப் பணமாகவே கொடுத்தது. ஊழியர்களுக்கு ரயில் பாஸ், இலவச வளாக பஸ் என்று ஏற்பாடு செய்தது. 2002-ல் ஊழியர்களில் 72 சதவீதம் பேர் தனி ஆளாகக் காரில் வந்தார்கள். பத்தாண்டுகளுக்குள் அது ஊழியர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் என்ற அளவுக்கு இறங்கியது.

அதில் இன்னொரு சின்ன ஏற்பாடும் இருந்தது. காரை வீட்டில் விட்டுவிட்டு வந்தவருக்கு நடுவில் உடம்பு சரியில்லை, குழந்தைக்குக் காய்ச்சல் என்று அவசரம் வந்தால், கல்லூரிச் செலவில் வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அப்படிக் கேட்பவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். ஆனால் 'அவசரத்துக்கு என்ன செய்வது?' என்ற ஒரு கேள்விக்காகத்தான் பலரும் தினமும் வண்டியை எடுக்கிறார்கள். அந்தப் பயம் தீர்ந்தால் வண்டி வீட்டில் நிற்கும்.

இங்கே என்ன முடியும்?

ரயில் பாஸ் நமக்கு வேண்டாம். தமிழ்நாட்டில் 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அரசுக் கலைக் கல்லூரி மாணவர்களுக்கு இலவச பாஸ் இருக்கிறது, மற்ற கல்லூரிகளுக்குச் சலுகை பாஸ் இருக்கிறது. ஆக, பயணத்தின் விலை பெரிய பிரச்னை இல்லை. நேரம்தான் பிரச்னை. பஸ் எத்தனை மணிக்கு வருகிறது, வகுப்பு எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, கடைசி பஸ் எப்போது போகிறது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

எந்த ஊரிலிருந்து எத்தனை மாணவர்கள் வருகிறார்கள் என்ற விவரம் ஒவ்வொரு கல்லூரியின் அலுவலகத்திலும் தூங்கிக்கொண்டிருக்கிறது. பின்கோடு வாரியாகப் பிரித்தால் ஒரு மதியத்தில் முடிகிற வேலை. நான்கு கல்லூரிகள் இந்தப் பட்டியலைச் சேர்த்து வைத்துப் பார்த்தால், ஒரே ரோட்டில் பாதி காலியாக ஓடும் தங்கள் பஸ்கள் கண்ணில் படும். போட்டி நிறுவனங்கள் பஸ்ஸைப் பகிர்ந்துகொள்வதா என்று கௌரவம் குறுக்கே வரும். பஸ்ஸில் எழுதியிருக்கும் பெயரைப் பார்த்துத்தானே அடுத்த வருடம் அட்மிஷன் வருகிறது! ஆனால் இதே பட்டியலோடு நான்கு முதல்வர்களும் சேர்ந்து போக்குவரத்துக் கழக கிளை மேலாளரிடம் போனால், மாலை பஸ்ஸை அரை மணி நேரம் தள்ளி விடுங்கள் என்று கேட்பதற்குக் கையில் ஒரு கணக்கு இருக்கும். வெறும் மனுவுக்கும் கணக்கோடு வரும் மனுவுக்கும் வித்தியாசம் உண்டு.

செலவே இல்லாத வேலைகளும் இருக்கின்றன. முதலாண்டுக்கு 8.45, மற்றவர்களுக்கு 9.15 என்று நேரத்தைப் பிரித்தால் வாசலில் அடைப்பு பாதியாகும். நடந்து வருபவர்களுக்கு ஒரு சின்ன கேட்டைத் தனியாகத் திறந்துவிட்டால், துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கும் அவதி அன்றே போகும். டூவீலர்களையும் கார்களையும் வாசலை ஒட்டிய ஓரிடத்திலேயே நிறுத்திவிட்டு எல்லோரும் உள்ளே நடக்கலாம். எல்லோரும் என்றால் பேராசிரியர்களும்தான். உடல்நலம் இல்லாதவர்கள், மாற்றுத்திறனாளிகள் தவிர. வளாகம் முழுக்கத் தார் ரோடு போடும் செலவும் மிச்சம். சரள் கொட்டி இறுக்க வேண்டியது அந்த ஓரிடம் மட்டும். அதைச் சுற்றி இந்த ஐப்பசியிலேயே வேம்பும் புங்கையும் நட்டுவிட்டால், இன்று முதலாண்டு சேரும் பிள்ளை கடைசி ஆண்டு வரும்போது ஓரளவு நிழல் விழும்.

சேர்க்கைக்குப் பிள்ளையோடு போகும் பெற்றோரும் லேப் வசதி, பிளேஸ்மென்ட் பற்றி விசாரிப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், கல்லூரி பஸ் எந்த நிறுத்தம் வரை வருகிறது, லேப் நாட்களில் மாலை பஸ் காத்திருக்குமா என்றும் கேட்கலாம். வண்டிதான் வேண்டும் என்றால் பதினெட்டு நிறைந்து, லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு வாங்கலாம். அதுவரை லைசென்ஸும் பதிவும் தேவைப்படாத, மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் ஓடாத பேட்டரி ஸ்கூட்டர்கள் கடையில் கிடைக்கின்றன. அதற்கு மேல் ஓடும்படி 'செட்டிங்' மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மாற்றிய நிமிடமே அது பதிவும் லைசென்ஸும் தேவைப்படும் வண்டியாகிவிடும். அந்த வேகத்துக்கு அதன் பிரேக்கும் செய்யப்பட்டதில்லை.